நாற்பதில் எண்ணெய்

ஜூன் 6, வியாழன்

என் மைக்ராஸ்கோப்பை யாரோ தொட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, சத்யகலாதான். இந்த லேபில் ஸ்லைடு பார்க்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

காலையில் முதல் ஸ்லைடை வைத்து நாற்பது லென்ஸைத் திருப்பினால் ஒரே மூட்டம். ரத்த அணுக்களின் விளிம்பெல்லாம் கரைந்து கிடக்கிறது. இந்த ஜன்னலோர மைக்ராஸ்கோப் லேபை நடத்துகிற டாக்டர் இந்துமதியின் அப்பா காலத்திலிருந்து என்னுடையது. தாராபுரத்தில் பாதி ஊரின் ரத்தத்தை நான் இதில் பார்த்திருக்கிறேன். இரண்டு கண்ணுக்கும் குழாய் இருந்தாலும் நான் வலது கண்ணால்தான் பார்ப்பேன். ஒற்றைக் குழாய் மைக்ராஸ்கோப்பில் தொழில் படித்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

ஆப்ஜெக்டிவ் லென்ஸ் நான்கு. நாலு, பத்து, நாற்பது, நூறு. சிவப்பு வளையம், மஞ்சள், நீலம், வெள்ளை. நூறு மட்டும்தான் எண்ணெய் கேட்கும். ஸ்லைடின்மேல் ஒரு சொட்டு விட்டு, லென்ஸின் நுனி அந்தச் சொட்டைத் தொட்டால்தான் வெளிச்சம் சிதறாமல் மேலே வரும். மற்ற மூன்றுக்கும் எண்ணெய் ஆகாது. நூறில் பார்த்துவிட்டு, ஸ்லைடைத் துடைக்காமல் அப்படியே நாற்பதைத் திருப்பினால், அது அந்தச் சொட்டை உரசிக்கொண்டு போய் நிற்கும். அப்புறம் அதில் தெரிவதெல்லாம் மூட்டம்தான். முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. டிப்ளமோ வாங்கிய மகராசிக்குத் தெரியவில்லை.

ரத்தம் கொடுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னாலேயே கூப்பிட்டுக் கேட்டேன். "அம்மிணி, வீட்ல தோசக்கல்லுக்குத் தடவற ஞாபகத்துல இங்கயும் எண்ணெயத் தடவீட்டயா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. தான் தொடவே இல்லை என்று முனகினாள். முகம் சிவந்துவிட்டது. தப்புச் செய்யாதவளுக்கு எதற்கு முகம் சிவக்க வேண்டும்?

ஜூன் 7, வெள்ளி

லென்ஸ் பேப்பரால் மூன்று முறை துடைத்தேன். மூட்டம் போகவில்லை. நன்றாக ஊறிவிட்டிருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

என் மேஜைக்கு மேல் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன்: "இந்த மைக்ராஸ்கோப்பை சத்யகலா தொடக்கூடாது." பெயரைப் போடாமல் எழுதலாமே என்று டாக்டர் தயங்கினார். பெயர் போட்டால்தான் உறைக்கும் என்றேன். டாக்டர் காலையில் ஒரு மணி நேரம் வந்துவிட்டுத் தன் கிளினிக்குக்கு ஓடுகிறவர். லேப் என்னை நம்பித்தான் நடக்கிறது.

மதியம் அவள் சாப்பிடப் போனபோது, அவளுடைய மைக்ராஸ்கோப்பிலிருந்து நாற்பதைக் கழற்றி என்னுடையதில் மாட்டிப் பார்த்தேன். அதே மூட்டம். ஆக, தன்னுடையதையும் கெடுத்து வைத்திருக்கிறாள். அவள் வந்ததும், அந்த லென்ஸில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். பார்த்துவிட்டுத் தெளிவாக இருக்கிறது என்கிறாள். அணுக்களின் விளிம்பை விரலால் வரைந்து வேறு காட்டுகிறாள். மங்கலிலேயே பழகிவிட்டவளுக்கு அதுதான் தெளிவு. இவளிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

எல்லோரையும் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினேன். ரத்தம் எடுக்கிற பெண்கள் இரண்டு பேர், பெருக்குகிற அம்மா, எல்லோரும்தான். அவர்களுக்கு அது தேவையில்லை. ஆனால் சத்யகலாவுக்கு அவர்கள் முன்னால் சொல்லிக் கொடுத்தால்தான் ஏறும்.

பார்வையில் அழுக்கு தெரிந்தால் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. ஸ்லைடை நகர்த்து. அழுக்கும் கூடவே நகர்ந்தால் அது ஸ்லைடில் இருக்கிறது. கண் வைக்கிற லென்ஸைத் திருகு. அழுக்கும் சுற்றினால் அது அங்கே. ஆப்ஜெக்டிவை மாற்று. அழுக்கு மறைந்தால் அது ஆப்ஜெக்டிவில். இதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாக, இரண்டு தரம் சொன்னேன்.

"மூணுலயும் போகலீன்னா எங்கீங்க சார் இருக்கும்?" என்று கேட்டாள்.

"அப்ப உன்ற தலைக்குள்ள இருக்கும் அம்மிணி."

பெருக்குகிற அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தது. எனக்கும் நன்றாக இருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் அப்படி ஒரு சிரிப்பு.

ஜூன் 18, செவ்வாய்

வீட்டில் என் பெண்டாட்டி மயிலாத்தா மலிவான பல்பாகப் பார்த்து வாங்கி மாட்டியிருக்கிறாள். கூடத்தில் பேப்பர் படிக்க முடியவில்லை. சொன்னால், போன மாதம் மாட்டிய அதே பல்புதான் என்கிறாள். ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன் என்று அதற்கு ஒரு ரகளை. இரண்டையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டு வைத்தால் யாருக்குத்தான் தெரியும்? கண்ணாஸ்பத்திரிக்கு ஒருக்கா போய்வரலாம் என்று ஆரம்பித்தாள். முறைத்தேன். நிறுத்திக்கொண்டாள்.

ரோட்டிலும் இப்போது எவனும் ஒழுங்கான விளக்குப் போட்டு வண்டி ஓட்டுவதில்லை. எதிரே வருகிற ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். போலீஸ் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

ஜூன் 21, வெள்ளி

நானே முறைப்படி பார்த்தேன். ஸ்லைடை நகர்த்தினேன், மூட்டம் நகரவில்லை. கண் லென்ஸைத் திருகினேன், சுற்றவில்லை. நாலு, பத்து, நாற்பது, நூறு என்று மாற்றினேன், எல்லாவற்றிலும் இருக்கிறது. உள்ளே பூஞ்சை பிடித்திருக்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து சர்வீஸ்காரனை வரவழைத்தோம். பிரித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றான். சைக்கிள் கடையில் வேலை பார்த்தவனை அனுப்பிவிட்டார்கள் போல. டீ கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அவன் போனபிறகு சத்யகலா என் மேஜைப் பக்கம் வந்தாள். அட்டையில் எழுதியிருப்பதால் கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒருக்கா எடது கண்ல பாத்தீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டாள். அக்கறையாகக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தத் தொழிலில் ஒருவன் கண் போய்விட்டது என்று சொல்வதும் அவனுக்குப் பாடை கட்டுவதும் ஒன்றுதான். ரிட்டயர் ஆக இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் என் நாற்காலிக்கு ஆசை வந்துவிட்டது இவளுக்கு.

நாளையிலிருந்து வருகிற மலம், சளி எல்லாம் சத்யகலாவுக்கு என்று போட்டேன். ரத்த ஸ்லைடுகளை அவள் முதலில் பார்த்து வாயால் சொன்னால் போதும், எழுதுவதும் கையெழுத்தும் நான்தான். அவளுடைய நாற்காலியையும் எடுத்து, ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் உட்கார வெளியே போடச் சொன்னேன். நின்றுகொண்டு பார்க்கட்டும். சின்ன வயசுதானே.

ஜூன் 22, சனி

இடது கண்ணால் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

ஜூலை 2, செவ்வாய்

கருப்பணன் என்று ஒரு லாரி டிரைவர். ஒடிசாவுக்கு லோடு ஏற்றிப் போய்விட்டு வந்தவன். குளிர் ஜுரம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பெஞ்சில் உட்காராமல் சுவரோரமாகத் தரையில் சுருண்டு படுத்துவிட்டான். பெண்டாட்டி கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றாள். மலேரியா இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சத்யகலாதான் ஸ்லைடு போட்டுச் சாயம் ஏற்றினாள். நூறில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "சார், ரெண்டு மூணு செல்லுக்குள்ள மோதரமாட்டத் தெரியுதுங்க. ஒரே செல்லுல ரெண்டு மோதரங்கூட இருக்குதுங்க. நீங்க ஒருக்கா பாருங்க."

மலேரியாக் கிருமி அணுவுக்குள் மோதிரம் மாதிரிதான் இருக்கும், அது எனக்குத் தெரியாததா? என்னுடையதில் வைத்து எண்ணெய் விட்டுப் பார்த்தேன். ஊதா ஊதாவாக ஏதோ தெரிந்தது. விளக்கை முழுசாக ஏற்றினேன். இன்னும் மோசமாகிவிட்டது. சாயத்தை வடிகட்டாமல் ஊற்றினால் துகள் தங்கும், இப்படித்தான் தெரியும். "சாயத் துகளப் பாத்து மோதரங்கற. கல்யாண ஆசையா அம்மிணி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி வாயெடுத்தவள், பிறகு சொல்லாமலே போய்விட்டாள்.

மலேரியாக் கிருமி காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெண் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

டிரைவர் இறந்துவிட்டானாம். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே நினைவு இல்லையாம். ரத்தம் பூரா மலேரியாக் கிருமி என்கிறார்கள். மூளைக்கு ஏறிவிட்டதாம். இரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்று அங்கே யாரோ அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார்கள். இப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நாளைக் காலை டாக்டர் விசாரிக்கப் போகிறார்.

ஜூலை 6, சனி

சீக்கிரமே லேபுக்குப் போய்விட்டேன். டாக்டர் வருவதற்கு முன் சத்யகலாவின் மைக்ராஸ்கோப்பை ஒருமுறை சரிபார்த்து வைப்பது சீனியர் என்கிற முறையில் என் கடமை. பார்த்து வைத்தேன். பிறகு கை கழுவினேன். இந்த எண்ணெய் சோப்புக்கு லேசில் போவதில்லை.

டாக்டர் வந்ததும் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். முதலில் பார்த்தது அவள், கிருமி எதுவும் இல்லை என்று என்னிடம் சொன்னது அவள், அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டது நான் என்றேன். ஒரு மாதமாக நான் கத்திக்கொண்டிருப்பது டாக்டருக்குத் தெரியும். அட்டைகூட ஒட்டியிருக்கிறேன். வேண்டுமானால் அவளுடைய நாற்பதைக் கழற்றிப் பாருங்கள், வேலையின் லட்சணம் தெரியும் என்றேன்.

டாக்டர் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நுனியில் எண்ணெய் மினுங்கியது. விரலால் தொட்டுப் பார்த்தார். லென்ஸை மேஜையில் வைத்தார்.

சத்யகலா அந்த லென்ஸையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நேத்துச் சாயங்காலந்தானுங்க டாக்டர் தொடச்சு வெச்சேன்" என்றாள். அப்புறம், "மோதரமாட்ட இருக்குதுன்னு சார்கிட்டச் சொன்னனுங்க. சாரையே கேளுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட அப்படி ஒண்ணுஞ் சொல்லலீங்க டாக்டர்."

இதில் பொய் இல்லை. அவள் சொன்னது சாயத் துகளைப் பற்றி. மலேரியா என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. இந்த வேலை போனால் ஊரில் வேறு லேபில் சேர்க்க மாட்டார்கள், அம்மா ஒரு பக்கம் கைகால் விழுந்து கிடக்கிறாள், வெளியூருக்கும் போக முடியாது என்று டாக்டரிடம் சொன்னாள். டாக்டருக்கு இரக்கம் வரப் பார்த்தது. நான், வெளியே அந்த டிரைவரின் சொந்தக்காரர்கள் வந்து நிற்கிறார்கள் என்பதை நினைவுபடுத்தினேன். அவர்களிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே.

ஜூலை 8, திங்கள்

சத்யகலாவை நிறுத்தியாகிவிட்டது. டிபன் பாக்ஸை எடுக்க வந்தாள். பெருக்குகிற அம்மா மட்டும் வாசல்வரை கூடப் போய்விட்டு வந்தது.

ஜூலை 12, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேப்காரன் போன் செய்தான். சத்யகலா வேலை கேட்டு வந்திருக்கிறாள், எப்படி என்று விசாரித்தான். தங்கமான பெண், எண்ணெய்தான் கொஞ்சம் தாராளம் என்றேன். அரை நிமிஷம் சிரித்தான். எடுக்க மாட்டான்.

ஜூலை 24, புதன்

எல்லா ஸ்லைடும் இப்போது என் தலையில். மூட்டம் அப்படியேதான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் நார்மல் என்று எழுதிவிடுகிறேன். முக்கால்வாசிப் பேருக்கு நார்மலாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பெருக்கு

அமராவதிக் கரையிலிருந்து திரும்பும்போது, ரோட்டோரம் நின்றிருந்த தண்ணி லாரிமேல் வண்டியை விட்டுவிட்டேன். பின்னால் சிவப்புப் பட்டை ஒட்டவில்லை அந்தத் தறுதலை. பகல் நேரம்தான், அதனால் என்ன? எனக்கு முட்டியில் அடி. மயிலாத்தாவுக்குத் தலையில் தையல். வலி தாங்காமல் முனகிக்கொண்டே வந்தவள், ஆஸ்பத்திரி வாசலில் சொன்னாள். "உங்குளுக்கு அத்தாம்பெரிய லாரி கண்ணுக்குத் தெரியலீங்களா?"

பெண்டாட்டியும் கூட்டுச் சேர்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முட்டியைப் பார்த்த டாக்டர் மாடியில் கண் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். மயிலாத்தாதான் அவரிடம் ஏதோ ஓதியிருக்கிறாள். அங்கே ஒரு சின்னப் பையன், டாக்டராம். தாடையை ஏதோ ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி, வெளிச்சத்தைப் பாய்ச்சி வலது கண்ணைப் பார்த்தான்.

"உங்க லென்ஸ் மங்கிப்போச்சுங்க ஐயா. எடுத்துட்டுப் புதுசு வெச்சர்லாம்."

எந்த லென்ஸ் என்று கேட்டேன். ஒரு கணம் என் நாற்பதுதான் ஞாபகம் வந்தது. கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸ் இருப்பது எனக்குத் தெரியாதா என்ன, படித்திருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் அந்த வார்த்தை நன்றாக இல்லை.

"ரொம்ப நாளா மூட்டமாத் தெரிஞ்சிருக்குமே?" என்றான்.

இல்லை என்றேன். முந்தாநாள் லாரியில் இடித்த பிறகுதான் என்றேன். அவன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு மயிலாத்தாவைப் பார்த்தான். அவள் தலைக்கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆடி முடியட்டும் என்று தள்ளிப்போட்ட ஆபரேஷன் இன்று முடிந்தது. வலி இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

லேபுக்கு வந்தேன். லீவில் இருந்தபோது முட்டி வலி என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தது. எப்படியோ தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்லைடை வைத்து நாற்பதைத் திருப்பினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு அணுவும் தனித்தனியாக, கத்தரித்து வைத்ததுபோல் விளிம்போடு நிற்கிறது. இத்தனை நீலம், இத்தனை ஊதா இருந்ததே மறந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேய்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு, பழைய ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தேன். கருப்பணனுடையது அடியில் இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நூறை இறக்கினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. வைத்த இடத்திலேயே தெரிந்தது. மெல்லிய நீல வளையம், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்து அணுவில் இரண்டு. ஸ்லைடை நகர்த்தினால் அங்கேயும். சாயத்தை நன்றாகத்தான் வடிகட்டியிருக்கிறாள், ஒரு துகள் இல்லை.

பெட்டி நிறைந்துபோய்விட்டது. பழைய ஸ்லைடுகளை அவ்வப்போது கழுவிப் போடுவது வழக்கம்தான். சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன். அதையும் இன்னும் சிலவற்றையும்.

செப்டம்பர் 16, திங்கள்

சத்யகலா வந்திருந்தாள். வேலை பார்த்ததற்குச் சர்டிபிகேட் கேட்டு. இப்போது ஒரு பனியன் கம்பெனியில் நூல் வெட்டுகிறாளாம். காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய், இருட்டிய பிறகு இறக்கிவிடுகிறதாம். அம்மாவைப் பகலெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறாள். இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் வந்தார்.

"அண்ணா, நீங்க லீவுல இருந்தப்ப எடுத்த புதுப் பிள்ளைக்கு இன்னும் வேலை கைவரல. இவளையே திரும்ப எடுத்துக்கலாம்னு பாக்கறேன். நடந்தது நடந்து போச்சு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவள் வந்தால் தினமும் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். நான் ஒவ்வொரு ஸ்லைடிலும் குனியும்போது பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வேண்டாமுங்க டாக்டர்," என்றேன். "ஒரு உசுரு போயிருக்குதுங்க."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடப் போய்விட்டார்.

அதை வாங்கிக்கொண்டு போகிறபோது அவள் என் மேஜைக்கு எதிரே நின்றாள். அட்டை இன்னும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. அதே தூரத்தில் நின்றாள். காதோரம் இரண்டு நரைமுடி, விரலெல்லாம் நூல் அறுத்த கோடு. இதையெல்லாம் நான் முன்பு கவனித்ததில்லை.

"கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்டீங்களாமா. இப்ப நல்லாத் தெரியுதுங்களா சார்?"

"தெரியுது."

"என்னையத் தெரியுதுங்களா?"

நான் ஸ்லைடை மாட்டிக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். செருப்புச் சத்தம் படியிறங்குகிறவரை நாற்பதில் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

கிளம்புவதற்கு முன் டாக்டர் என் மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடைப் பார்த்தார். "லென்ஸெல்லாம் எத்தனை சுத்தமா இருக்குதுங்ணா" என்றார்.

அவள் போனதிலிருந்து அப்படித்தான் என்றேன்.